பூச்சியத்தையும் எழுதுங்கள்: மழை அளக்கும் ஊரவரும் சுற்றாடல் ஆய்வும்

பிறை பார்ப்பது நமக்குப் பழக்கமான வேலை. ஷஃபான் இருபத்தொன்பதாம் நாள் அந்தியில் மொட்டைமாடியிலும் கடற்கரையிலும் வயல் வரம்பிலும் ஆட்கள் மேற்கைப் பார்த்து நிற்பார்கள். கண்டவர் முதலில் தன் ஊர்ப் பள்ளிவாசலுக்குச் சொல்வார். அங்கிருந்து செய்தி கொழும்பு பெரிய பள்ளிவாசலுக்குப் போகும். "கண்டேன்" என்ற ஒரு சொல்லோடு காரியம் முடிவதில்லை. எங்கே நின்றீர்கள், எத்தனை மணி, வானத்தில் எந்தப் பக்கம், மேகம் இருந்ததா, கூட யாரும் கண்டார்களா என்று விசாரணை நடக்கும். சாட்சி சொல்பவர் வானியல் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. சில்லறைக் கடைக்காரராக இருக்கலாம், தோணிக்காரராக இருக்கலாம். விசாரணைக்கு ஈடுகொடுக்கும் சாட்சியாக இருந்தால் போதும்.

சுற்றாடல் ஆய்விலும் கண்காணிப்பிலும் ஊர்த் தொண்டர்களைச் சேர்ப்பது பற்றி எழுத உட்கார்ந்தபோது இந்த உதாரணம்தான் எனக்கு முதலில் வந்தது. 'குடிமக்கள் விஞ்ஞானம்' என்று இதற்கு இப்போது ஒரு பெயர் புழங்குகிறது. அந்தப் பெயர் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. தமிழ் டீச்சரின் குறை என்று விட்டுவிடுங்கள். விடயம் இதுதான்: பல இடங்களில், பல காலம், ஒரே முறையில் பார்க்க வேண்டிய ஒன்றைச் சம்பளம் வாங்கும் ஆய்வாளர் சிலர் மட்டும் பார்த்து முடிக்க இயலாது. அதனால் அந்தந்த இடத்தில் குடியிருப்பவர்களே பார்த்துக் குறித்துக் கொடுக்கிறார்கள்.

உலகத்தில் இதற்குப் பேர்போன உதாரணம் பறவைக் கணக்கெடுப்பு. அமெரிக்காவில் நத்தார் நாளில் கூட்டமாகப் போய்ப் பறவை சுடும் வழக்கம் ஒன்று இருந்தது. 1900ஆம் ஆண்டு பிராங்க் சப்மன் என்ற பறவையியலாளர், இம்முறை சுடாமல் எண்ணுவோம் என்று அழைத்தார். வந்தவர்கள் 27 பேர். அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை நிற்கவில்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 தொடக்கம் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. நமது குளங்களும் களப்புகளும் அதில் அடங்கும். பக்கத்துக் கேரளத்தில் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் அதிகமான தொண்டர்கள் மாநிலம் முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து நடந்து, சுமார் 3 இலட்சம் பதிவுகளோடு பறவை வரைபடமொன்றை உருவாக்கினார்கள். 361 இனங்கள் அதில் பதிவாகின.

ஆனால் பறவைக்குப் பெயர் தெரிய வேண்டும். எனக்குக் காகமும் மைனாவும் செண்பகமும் தெரியும். அதற்கு மேல் கேட்டால் விழிப்பேன். என்னைப் போன்றவர்களுக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஏற்ற அவதானம் ஒன்று இருக்கிறது. அது மழை. பெயர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, மைக்ரஸ்கோப் வேண்டியதில்லை. விழுந்த தண்ணீரின் உயரத்தைப் பார்த்து எழுதினால் சரி. இந்தக் கட்டுரையை மழையோடு நிறுத்திக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் படிப்பிப்பது கேகாலை மாவட்டத்தில். இங்கே மழையின் அளவு வெறும் செய்தியல்ல, ராத்திரி வீட்டில் படுப்பதா வெளியே போவதா என்ற கேள்வி.

வானிலை அவதான நிலையம்தான் அளக்கிறதே, செய்மதியும் மேலேயிருந்து பார்க்கிறதே, பிறகு ஊரவர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1997 ஜூலை 28ஆம் திகதி அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போர்ட் கொலின்ஸ் என்ற நகரில் நடந்ததை அவர்களுக்குச் சொல்லலாம். அன்றிரவு நகரின் தென்மேற்குப் பக்கத்தில் 250 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டித் தீர்த்தது. சில கிலோமீற்றர் தள்ளி 50 மில்லிமீற்றர் கூட இல்லை. வெள்ளத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்துப் புத்தகங்கள் நீரில் மூழ்கின. நகரின் ஒரு மூலையில் வானம் உடைந்து விழுவதை மற்ற மூலையில் இருந்தவர்கள் அறியவில்லை. கொலராடோ அரச பல்கலைக்கழகத்தின் காலநிலை அறிஞர் நோலன் டோஸ்கன் அடுத்த ஆண்டு, 1998இல், ஊர்மக்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு மழைமானி வைத்துக்கொள்ளச் சொன்னார். சில டசின் பேரோடு தொடங்கிய அந்த வலையமைப்பில் இன்று பல்லாயிரம் பேர் காலையில் தங்கள் முற்றத்து மழையை அளந்து அனுப்புகிறார்கள். கனடாவுக்கும் பஹாமாசுக்கும் அது பரவியிருக்கிறது.

நமது மலைநாட்டு ஆட்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மலையின் இந்தப் பக்கம் உடுப்பு காய்ந்துகொண்டிருக்கும், அந்தப் பக்கம் ஆறு பெருகும். இடைப்பருவ காலத்துப் பின்னேர இடிமழை இன்னும் மோசம். சந்தியில் பெய்யும், பள்ளிவாசலடியில் பெய்யாது. மழையைக் கணிக்கும் செய்மதித் தரவுகள் பெரும்பாலும் பத்துக் கிலோமீற்றர் அகலமான கட்டங்களாகத்தான் கிடைக்கின்றன. அப்படியொரு கட்டத்துக்குள் நம்முடைய ஊரும் பக்கத்து நாலைந்து ஊர்களும் இரண்டு மலைகளும் அடங்கிவிடும்.

மழையை மில்லிமீற்றரில் சொல்வது பலருக்கு விளங்குவதில்லை. தண்ணீரை ஏன் அடிமட்டத்தால் அளக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெய்த மழை ஓடாமலும் ஊறாமலும் ஆவியாகாமலும் தரையில் அப்படியே நின்றால் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும் என்பதே மழை அளவு. ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். நமக்குக் காணிக் கணக்கு பேர்ச்சில் வந்தால்தான் மண்டையில் ஏறும். ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ 25 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு பேர்ச்சில் விழுவது 2,500 லீற்றர். பத்துப் பேர்ச் காணியில் 25,000 லீற்றர், அதாவது 25 தொன் தண்ணீர். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் மண்மேடு உள்ள பிள்ளைகள் அந்த வகுப்பில் இருந்தார்கள்.

மழைமானி செய்வது கடினமல்ல. பக்கங்கள் நேராக உள்ள எந்தப் பாத்திரமும் மழைமானிதான். வாய் அகலமா ஒடுக்கமா என்பது உயரத்தை மாற்றாது. பெரிய சோடாப் போத்தலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல் மாதிரி வைத்தால் ஆவியாவது குறையும். போத்தலின் அடி வளைந்திருப்பதால் கூழாங்கல் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று கீறிக்கொள்ள வேண்டும். கடையில் விற்கும் நல்ல மானியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதன் உள் குழாயின் குறுக்குப் பரப்பு வாயின் பரப்பில் பத்திலொன்று. ஒரு மில்லிமீற்றர் மழை உள்ளே பத்து மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும். தூறலையும் கண்ணால் வாசிக்கலாம்.

இடம் தெரிவதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். கூரையோரம் வைத்தால் பீலித் தண்ணீர் தெறிக்கும். பலா மரத்தடியில் வைத்தால் இலை மறைக்கும், பெய்து விட்ட பிறகும் சொட்டும். பக்கத்தில் இருக்கும் மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைப்பது நல்லது. மானியின் வாய் மட்டமாக இருக்க வேண்டும். கண்ணை நீர்மட்டத்துக்கு நேரே கொண்டுவந்து, வளைந்த மேற்பரப்பின் அடிவிளிம்பை வாசிக்க வேண்டும். இலங்கையில் மழை நாள் என்பது காலை 8.30இலிருந்து மறுநாள் காலை 8.30 வரை. ஒருவர் ஏழு மணிக்கும் இன்னொருவர் பத்து மணிக்கும் வாசித்தால், ஒரே மழை இரண்டு நாள் கணக்கில் விழும்.

எங்கள் சுற்றாடல் கழகப் பிள்ளைகள் மழைப் பதிவேடு தொடங்கியபோது முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்தது. "டீச்சர், மழ பேயாத நாளும் எழுதணுமா? அதுல என்னத்த எழுதுற?" பூச்சியம் எழுதுங்கள் என்றேன். சும்மா விட்டாலும் மழை இல்லையென்றுதானே அர்த்தம் என்றாள் இன்னொருத்தி. இல்லை. வெற்றிடம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பூச்சியம் என்றால் ஒரு ஆள் போய்ப் பார்த்தார், தண்ணீர் இல்லை என்று அர்த்தம். பத்து வருடம் கழித்து அந்தப் பதிவேட்டைத் திறப்பவருக்கு இந்த இரண்டுக்கும் இடையில் வரட்சிக்கும் சோம்பலுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. பிறை விடயத்திலும் இப்படித்தானே? மேற்கு வானம் தெளிவாக இருந்தது, பலர் நின்று பார்த்தோம், தென்படவில்லை என்ற செய்திக்கு ஒரு பெறுமதி உண்டு. யாரும் பார்க்கப் போகவில்லை என்றால் அது செய்தியே இல்லை. கொலராடோவில் தொடங்கிய அந்த வலையமைப்பும் பூச்சியத்தை அனுப்பச் சொல்லித் தன் தொண்டர்களிடம் ஓயாமல் கேட்கிறது.

தொண்டர் தரவில் வேறு சில நோய்களும் உண்டு. உலகம் முழுக்க ஒரே மாதிரியான நோய்கள். சனி, ஞாயிறு பார்க்காமல் விட்டு மூன்று நாள் மழையையும் திங்கட்கிழமைக் கணக்கில் எழுதுவது ஒன்று. பதிவேட்டைப் பார்த்தால் திங்கட்கிழமைகளில்தான் இலங்கையில் பெருமழை பெய்கிறது போலிருக்கும். 13ஐயும் 17ஐயும் 15 ஆக்குவது, 48ஐ 50 ஆக்குவது இன்னொன்று. மூன்றாவது, விட்டுப்போன நாளை நினைவிலிருந்து நிரப்புவது. இவற்றுக்கு மருந்து திட்டுவதல்ல. "மூன்று நாள் சேர்ந்த மழை" என்று எழுதப் பதிவேட்டில் ஒரு நிரல் வைத்துவிட்டால் பொய் எழுத வேண்டிய தேவை போய்விடும். அயலில் உள்ள இரண்டு மூன்று மானிகளை ஒப்பிட்டால் ஒவ்வாத எண் தானே தலைநீட்டும். தொண்டர்கள் தரும் தரவு நம்பத்தக்கதா என்று பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சம்பளம் வாங்குபவர் எழுதும் பதிவேட்டிலும் இதே திங்கட்கிழமை நோய் இருக்கிறது என்பதை அரச அலுவலகத்தில் வேலை செய்த எவரும் அறிவார்.

முறையாக எழுதிய பதிவேடு எவ்வளவு காலம் பேசும் என்பதற்குப் பிரித்தானியாவில் ஒரு சான்று இருக்கிறது. ஜோர்ஜ் சைமன்ஸ் என்பவர் 1860இல் ஊர் ஊராக மழை அளப்பவர்களைச் சேர்க்கத் தொடங்கினார். முதலில் கிடைத்த பதிவுகள் 168 இடங்களுடையவை. 1900இல் அவர் இறக்கும்போது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அளந்தார்கள். பாதிரிமார், வைத்தியர்கள், ஆசிரியர்கள், வீட்டுப் பெண்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். அவர்கள் கையால் எழுதிய தாள்கள் பெட்டிகளில் கிடந்தன. 2020 மார்ச்சில், கொரோனாவால் எல்லாரும் வீட்டில் அடைபட்டிருந்த நேரத்தில், ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட் ஹோக்கின்ஸ் அந்தத் தாள்களின் படங்களை இணையத்தில் வைத்து, எண்களைத் தட்டச்சுச் செய்து தரும்படி பொதுமக்களைக் கேட்டார். 16,000 பேர் வந்தார்கள். 52 இலட்சம் அவதானங்களை 16 நாட்களில் முடித்துக் கொடுத்தார்கள். அந்நாட்டின் அதுவரையான பதிவில் மிக வரண்ட ஆண்டு 1887 என்று வைத்திருந்த கணக்கு மாறி, 1855 என்று ஆனது. அளந்தவர்களும் தொண்டர்கள், ஒன்றரை நூற்றாண்டு கழித்துப் படியெடுத்தவர்களும் தொண்டர்கள்.

நமது நாட்டிலும் இப்படியொரு புதையல் உண்டு. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் மழைமானி வைத்து நாள்தோறும் எழுதிவரும் வழக்கம் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களத்துக்குச் சம்பளமின்றி மழை அளவு அனுப்பும் இடங்களில் தோட்டங்களுக்கும் பாடசாலைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. தோட்டக் காரியாலயத்தில் அலுமாரி மேல் கறையான் பிடித்துக் கிடக்கும் பழைய மழைப் பதிவேடுகளை யாராவது ஒரு உயர்தர வகுப்பு எடுத்துப் படம்பிடித்துப் பிரதிபண்ணினால், அதைவிட நல்ல ஆய்வுத் திட்டம் எனக்குத் தெரியவில்லை. நம் பிள்ளைகளின் செயற்றிட்டங்கள் பெரும்பாலும் இணையத்திலிருந்து இறக்கி ஒட்டியவை. இது ஒட்ட முடியாத வேலை.

இனி ராத்திரிக் கேள்விக்கு வருகிறேன். மலைச் சரிவில் மண்ணும் கல்லும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது உராய்வினாலும் ஒட்டுத்தன்மையினாலும். மழைநீர் உள்ளே இறங்கும்போது மண்ணின் பாரம் கூடுகிறது. மண்துணிக்கைகளுக்கிடையே நிரம்பும் நீரின் அழுத்தம் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளுகிறது. ஒரு கட்டத்தில் பிடி விடுகிறது. இதனால்தான் நம் நாட்டில் மண்சரிவு அபாயத்தை மதிப்பிடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழை அளவை வைத்து எச்சரிக்கையின் படிகளை வகுத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்துக்குள் 75 கொட்டினால், வெளியேற வேண்டும். அபாயமுள்ள சில கிராமங்களில் எளிய மழைமானிகளை வைத்து, ஊரவர்களே வாசிக்கப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த எண்களை மறுபடி வாசித்துப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு 75 என்ற அளவைக் காலை 8.30 வாசிப்பு காட்டித்தராது. நடுச்சாமத்தில் குடையும் டோர்ச்சுமாக முற்றத்துக்கு இறங்கி ஒருவர் பார்க்க வேண்டும், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும். அந்த வேலையைக் கொழும்பிலிருந்து யாரும் வந்து செய்யப்போவதில்லை. அதோடு, மழை மட்டும் போதாது. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்றெடுக்கும் கலங்கல் தண்ணீர், காலங்காலமாக ஓடிய பீலி ஊற்று சட்டென்று வற்றுவது என்று சரிவு தரும் அறிகுறிகள் வேறும் உண்டு. புது வெடிப்பை அறிய, பழைய நிலத்தை அறிந்திருக்க வேண்டும். நேற்று அந்த வெடிப்பு இருக்கவில்லை என்று சொல்லக்கூடியவர் அங்கேயே நடந்து திரியும் ஆள்தான்.

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. நாட்கணக்கில் விடாமல் பெய்த மழையின் பின் வந்த சரிவு அது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக நூற்றுக்கும் அதிகமானோர். எங்கள் மாவட்டத்தில் மழை இரைச்சல் கேட்டால் இன்றும் பெரியவர்கள் முதலில் பேசுவது அதைப் பற்றித்தான். அதற்கு முன்னே, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அங்கே அறிவு இல்லாமலில்லை. அந்த இடம் ஆபத்தானது, அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் போவதற்கு இன்னொரு வீடும் காணியும் கையில் இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு "வெளியேறு" என்ற சொல் எங்கே போகச் சொல்கிறது?

என் அபிப்பிராயத்தில் ஊர்த் தொண்டர்களைச் சேர்க்கும் எந்தத் திட்டத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. அளந்த எண் யாருக்குச் சொந்தம்? அளந்தவர் அதை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் எடுபிடியா, அல்லது அந்த எண்ணை வைத்துத் தன் ஊரில் ஒரு முடிவெடுக்க உரிமையுள்ளவரா?

இது புதுக் கேள்வியில்லை. கெய்ரோவில் ரவ்ழா தீவில் நைல் நதியின் மட்டத்தை அளக்கும் மிக்யாஸ் ஒன்று இருக்கிறது. அப்பாசியக் கலீபா முதவக்கிலின் காலத்தில், 861இல் கட்டியது. கிணறு போன்ற குழியின் நடுவே முழக் கணக்குக் கீறிய கல்தூண். வெள்ளம் 16 முழத்தை எட்டினால் விளைச்சலுக்குக் குறைவில்லை, அரசுக்கு வரியும் வரும். வெள்ள காலத்தில் மட்டம் எவ்வளவு ஏறியது என்று நாளாந்தம் தெருவில் கூவி அறிவிப்பார்கள். ஏற்றம் சுணங்கினால் சனம் பயந்து தானியத்தை வாங்கிப் பதுக்கும், விலை ஏறும். பாத்திமிய ஆட்சியாளர் முஇஸ் எகிப்துக்கு வந்த பின், 16 முழத்தை எட்டும்வரை அளவைப் பகிரங்கமாகக் கூவக்கூடாது, தனக்கும் தளபதி ஜவ்ஹருக்கும் மட்டும் அறிவிக்க வேண்டும் என்று தடை போட்டதாக வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். பதுக்கலைத் தடுக்கும் நல்ல நோக்கமாகவும் இருக்கலாம். ஆனாலும் ஆற்றங்கரையில் குடியிருக்கும் விவசாயிக்குத் தன் ஆற்றின் மட்டம் தெரியாமல் போனது. 'மக்கள் பீதியடைவார்கள்' என்ற அந்த நியாயம் ஆயிரம் வருடம் கழித்தும் அலுவலகங்களில் உயிரோடு இருக்கிறது.

மக்களே எண்ணைக் கையில் எடுத்த சம்பவத்துக்கு அமெரிக்காவின் பிளின்ட் நகரைச் சொல்லலாம். மழையை விட்டுச் சற்று விலகிக் குழாய்த் தண்ணீருக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2014 ஏப்ரலில் செலவு குறைப்பதற்காக அந்நகரின் குடிநீரை ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் இரசாயனம் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் கரைந்தது. நிறம் மாறுகிறது, பிள்ளைகளுக்குத் தோல் தடிக்கிறது என்று தாய்மார் முறையிட்டபோது தண்ணீர் நல்லது என்றே அதிகாரிகள் சொன்னார்கள். லீஆன் வோல்டர்ஸ் என்ற தாய் விடவில்லை. வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸைத் தேடிப் பிடித்தார். 2015 ஆகஸ்டில் சுமார் 300 மாதிரிப் பெட்டிகள் வந்தன. ஊரவர்கள் வீடு வீடாகப் போய், தண்ணீர் பல மணிநேரம் ஓடாமல் நின்ற குழாயிலிருந்து எப்படி மாதிரி எடுப்பது என்று காட்டிக்கொடுத்து, 250க்கும் அதிகமான வீடுகளிலிருந்து நிரப்பி அனுப்பினார்கள். மாதிரிகளில் பத்திலொரு பங்கு, நூறு கோடியில் 27 பங்கு ஈயத்தைத் தாண்டியது. அந்நாட்டில் நடவடிக்கை எடுக்க வேண்டிய எல்லை 15. அக்டோபரில் பழைய நீர்மூலத்துக்கே நகரம் திரும்பியது.

அங்கே விஞ்ஞானியும் தேவைப்பட்டார், ஆய்வுகூடமும் தேவைப்பட்டது. ஈயத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் கேள்வி ஊருடையது, மாதிரி எடுத்த கை ஊருடையது, முடிவு முதலில் வந்து சேர்ந்ததும் ஊருக்குத்தான். நம் நாட்டில் கற்பிட்டிப் பக்கம் மணல் நிலத்தில் மரக்கறிச் செய்கைக்குப் போடும் உரத்தால் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பது பற்றி ஆய்வுகள் பல வந்துவிட்டன. ஆய்வாளர் வருவார், போத்தலில் தண்ணீர் எடுப்பார், நன்றி சொல்வார், போவார். கட்டுரை ஆங்கிலத்தில் வெளிவரும். கிணற்றுக்காரி உம்மாவிடம் அவருடைய கிணற்றின் எண்ணைத் தமிழில் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்க எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

ஆகவே ஒரு நிறுவனமோ பல்கலைக்கழகமோ வந்து தொண்டர்கள் வேண்டும் என்று கேட்டால், ஜமாஅத் நிர்வாகமும் பாடசாலை அதிபரும் ஆமென்று தலையாட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேட்பது நல்லது. அளந்த எண்ணின் ஒரு பிரதி எங்களிடம் இருக்குமா? முடிவு எந்த மொழியில், எவ்வளவு நாளில் வரும்? இந்த எண் எல்லையைத் தாண்டினால் யாருக்கு, எந்த இலக்கத்துக்கு அழைப்பது? அவர் ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பை எடுப்பாரா? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது சிலர் சிரிப்பார்கள். சிரித்தாலும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஊருக்குள் யாரைப் பிடிப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. பயிற்சிப் பட்டறை என்றதும் பகல் நேரத்தில் ஓய்வாக இருக்கும் ஆண்கள் நாலு பேரின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறோம். மழையும் வெடிப்பும் நடுச்சாமத்தில் வீட்டில் இருப்பவரின் காரியம். பல வீடுகளில் வீட்டுக்காரர் கடையில், இல்லாவிட்டால் வெளிநாட்டில். வீட்டில் இருப்பவர்கள் உம்மாவும் பிள்ளைகளும். மானியும் பயிற்சியும் அவர்கள் கைக்குப் போக வேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு பெரிய வசதி, சுபஹுக்கு எழும்பும் முஅத்தின் இன்னொரு வசதி. ஆனால் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் அதிகாரம் எந்த எண்ணில் தொடங்குகிறது என்று முன்கூட்டியே நிர்வாகம் தீர்மானித்துச் சுவரில் எழுதி ஒட்டாவிட்டால், அந்த நேரத்தில் தலைவரைத் தேடி மழைக்குள் ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். சரிவுக்கு மேலே தோட்டத்தில் இருப்பவர்கள் தமிழர்கள், கீழே சிங்களக் கிராமம், நடுவில் நாம் என்பதுபோன்ற இடங்கள் இங்கே நிறைய. மேலே உள்ள மானியின் எண் கீழே இருப்பவருக்குத்தான் அதிகம் தேவை. மூன்று மொழி பேசும் ஒரு தொலைபேசிச் சங்கிலி இல்லாமல் இது நடக்காது.

பாடசாலையில் தொடங்கினால் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண தரப் பரீட்சை வந்ததும் பதிவேடு எழுதும் பிள்ளை போய்விடும். தவணை விடுமுறையில் மானியைப் பார்க்க ஆளில்லை. எங்களுடையதை இப்போது பாடசாலைக்குப் பக்கத்து வீட்டு முற்றத்துக்கு மாற்றியிருக்கிறோம். அந்த வீட்டுத் தாத்தா கோழிக்குத் தீன் போட வெளியே வரும் நேரமும் 8.30உம் ஏறத்தாழ ஒன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் மாறி மாறி அவரிடம் எண்ணை வாங்கி வகுப்புச் சுவரில் உள்ள வரைபில் குறிக்கிறார்கள். அவர் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். போன வெள்ளிக்கிழமை நான் பதிவேட்டைப் புரட்டியபோது ஒரு நாளுக்கு எதிரே எண்ணில்லை. "மக வீட்டுக்குப் போன, பாக்கல்ல" என்று அவருடைய கையெழுத்தில் இருந்தது.